பாஸ்வேர்டு, பெட்டி ஒயிட், அப்புறம் எங்கள் அப்பா

ராத்திரி தூக்கம் வராவிட்டால் யூடியூபில் பழைய அமெரிக்க டிவி விளையாட்டு நிகழ்ச்சிகளைப் பார்க்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதில் நான் விழுந்து கிடப்பது 'பாஸ்வேர்டு'. 1961-ல் சிபிஎஸ் சேனலில் ஆரம்பித்தது, நடத்தியவர் ஆலன் லடன். ஒரு பிரபலமும் ஒரு சாதாரண ஆளும் ஜோடி, எதிரே அதே மாதிரி இன்னொரு ஜோடி. நம் கையில் இருக்கும் சொல்லைக் கூட்டாளி வாயிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்குக் குறிப்பாக ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். முதல் குறிப்பிலேயே பிடித்தால் 10 புள்ளி, கோட்டை விட்டால் எதிர் ஜோடிக்குப் போய் 9, அப்புறம் 8, இப்படி இறங்கிக்கொண்டே வரும். 25 எடுத்தவருக்கு வெற்றி. விஜய் டிவியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய 'ஒரு வார்த்தை ஒரு லட்சம்' பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இதில் வந்த பிரபலங்களில் எனக்கு முதல் இடம் நடிகை பெட்டி ஒயிட்டுக்குத்தான் (தமிழில் எழுதினால் வெள்ளைப் பெட்டி மாதிரி இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை). பல நடிகர்கள் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டக் குறிப்பு கொடுப்பார்கள், எதிரே இருக்கிறவர் பாவம் திருதிருவென்று முழிப்பார். பெட்டி அப்படி இல்லை. எதிரில் இருப்பவர் முகத்தை ஒரு நொடி பார்ப்பார், அந்த ஆளுக்கு என்ன தோன்றுமோ அந்தச் சொல்லை எடுத்துப் போடுவார். சில நேரம் சொல்லை விடக் குரலை ஏற்றி இறக்குவதிலேயே பாதி விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

1961-ல் விருந்தினராகப் போன இடத்தில்தான் லடனைச் சந்தித்தார். லடனின் மனைவி அந்த வருஷம்தான் இறந்துபோனார், மூன்று பிள்ளைகள். பெட்டிக்கோ ஏற்கெனவே இரண்டு கல்யாணம் முறிந்திருந்தது, இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்று இருந்தார். மனுஷன் விடவில்லை. மோதிரத்தை வாங்கி நீட்ட, பெட்டி திருப்பிக் கொடுக்க, அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நீ சரி என்று சொல்லும்வரை கழற்ற மாட்டேன் என்று திரிந்திருக்கிறார். கடைசியில் ஒரு ஈஸ்டருக்குப் பஞ்சு முயல் பொம்மை ஒன்றின் காதில் கம்மலை மாட்டி அனுப்பினார். கம்மலுக்காக இல்லை, அந்த முயலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று பெட்டி பின்னாளில் கிண்டலாகச் சொல்வார். 1963 ஜூனில் கல்யாணம், 1981 ஜூனில் புற்றுநோயில் லடன் போய்விட்டார், பதினெட்டாவது கல்யாண நாளுக்கு ஐந்தே நாள் இருந்தது. அதற்கப்புறம் 2021 டிசம்பர் 31-ல் தன் 99-வது வயதில் போகும்வரை பெட்டி வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லடனை வேண்டாம் என்று தட்டிக்கழித்த அந்த ஒரு வருஷத்தை வீணாக்கிவிட்டேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பழைய எபிசோடுகளைப் பார்த்தால், லடன் அட்டையைப் படிப்பதை விட்டுவிட்டு அவரையே பார்க்கிறாரோ என்று தோன்றுகிறது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

'பிரமிட்' என்று அதே வகையில் இன்னொன்று உண்டு. அதில் நகைச்சுவை நடிகர் பில்லி கிரிஸ்டல் 1977-ல் கடைசிச் சுற்றில் கூட்டாளியைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டிய ஆறு தலைப்புகளையும் 26 வினாடியில் முடித்தார், இருப்பதே 60 வினாடி. பாதி எனக்குக் காதிலேயே விழவில்லை, எதிரே இருந்தவருக்கு எப்படி விழுந்ததோ. நடிகர் வில்லியம் ஷாட்னர் வேறு ரகம். சொல்லக் கூடாத சொல்லைத் தானே உளறிவிட்டு, ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். நான் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

1972-ல் 'தி ஆட் கப்புள்' தொடரில் இரண்டு நண்பர்கள் பாஸ்வேர்டு ஆடப் போவதாக ஒரு கதை வரும், அதில் லடன் லடனாகவும் பெட்டி பெட்டியாகவுமே வருவார்கள். சொல் 'பறவை'. படித்த மேதாவி நண்பர் கொடுக்கும் குறிப்பு 'அரிஸ்டோஃபனீஸ்', ஏனென்றால் அந்தக் கிரேக்கர் பறவைகளைப் பற்றி நாடகம் எழுதியிருக்கிறாராம்! விழுந்து விழுந்து சிரித்தேன்.

போன மாதம் கரண்ட் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதைத் தமிழில் ஆடிப் பார்த்தோம். முதல் தகராறே எது ஒரு சொல் என்பதில்தான். 'பசி' என்ற சொல்லுக்கு மாமா 'சாப்பிடாமலிருப்பவனுக்கு' என்று ஒரே மூச்சில் விட்டார், சேர்த்து எழுதினால் ஒரு சொல்தானே என்று வாதம் வேறு. கடைசியில் 'அதெல்லாம் செல்லாது' என்று அம்மா தீர்ப்பு சொன்னார்.

அடுத்த சொல் 'தேர்'. அப்பா, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், அக்கா பையனைப் பார்த்து நிதானமாக, "பாரி" என்றார்.

பையன் யோசிக்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டு."

சென்னையில் வளர்ந்த பிள்ளைக்குப் பாரி என்றால் பாரிமுனைதான். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிர் ஜோடியில் அம்மா என் பக்கம் திரும்பி, "திருவாரூர்" என்றார். தேர், 9 புள்ளி, முடிந்தது. முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த கதையை அப்பா அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவனுக்கு முழுசாகச் சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, அப்ப முல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.