பட்ஜெட்டின் முதல் வரி

கண்காட்சி அமைப்பவரின் வேலை, படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, திறப்பு விழாவில் விருந்தினரை வரவேற்பதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் சென்னையில் கியூரேட்டராகப் பணியாற்றும் எனக்கோ, நேரத்தின் பெரும்பகுதி செலவுக் கணக்கிலும் கடிதப் போக்குவரத்திலுமே கழிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கியூரேட்டர் கலைஞரை எவ்வளவு மதிக்கிறார் என்பது, அரங்கச் சுவரில் அவர் எழுதி ஒட்டும் வாசகங்களைவிட அவர் தயாரிக்கும் பட்ஜெட்டில்தான் தெளிவாகத் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமான பட்ஜெட்டில் அரங்க வாடகை, ஃபிரேம், லாரி, காப்பீடு, விளக்கு, அச்சு, திறப்பு விழாத் தேநீர் என ஒவ்வொரு செலவுக்கும் கணக்கில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். யாருடைய உழைப்பைக் காட்ட இவையெல்லாம் நடக்கின்றனவோ, அந்த ஓவியருக்கு மட்டும் இருக்காது. கேட்டால், படம் விற்றால் பணம் வருமே என்பார்கள். விற்றாலும் விலையில் கிட்டத்தட்ட பாதியைக் கேலரி எடுத்துக்கொள்வது பரவலான நடைமுறை. விற்க முடியாத வீடியோப் படைப்பையோ நிகழ்த்துகலையையோ அந்த அரங்குக்கென்றே பொருட்களைக் கொண்டு உருவாக்கிய இன்ஸ்டலேஷனையோ கொண்டுவரும் கலைஞர், தன் கைப்பணத்தைச் செலவழித்து நம் கண்காட்சியை நடத்தித் தருகிறார் என்பதே உண்மை. ஓர் அரங்கின் நிர்வாகத்திடம் கலைஞர் ஊதியத்துக்கென ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னபோது, அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று மறுத்தவர்கள், பூ அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையை மட்டும் குறைக்க மனம் வராமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கம் இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளலாம். கனடாவில் 1967-இல் தேசியக் கலைக்கூடம் ஓவியர்களின் படைப்புகளைக் கட்டணமின்றிப் படியெடுக்க அனுமதி கேட்டபோது, ஒன்ராறியோவின் லண்டன் நகரில் வாழ்ந்த ஓவியர் ஜாக் சேம்பர்ஸ் மறுத்துவிட்டார். அந்த மறுப்பிலிருந்துதான் அடுத்த ஆண்டு அங்கே கலைஞர்களின் சங்கம் பிறந்தது. 1988-இல், விற்பனை நோக்கமில்லாத பொதுக் கண்காட்சிகளில் தன் படைப்பைக் காட்டுவது தொடர்பான உரிமை கலைஞருடையது என்று அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

நம் ஊரிலும் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை தேடப்பட்டது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் மெழுகிட்டுச் சாயமேற்றிய பாடிக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கடலோரத்தில் கலைஞர்கள் கூடி வாழ்ந்த இனிய கதையாகவே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கைவினையால் வயிற்றைக் கழுவி, ஓவியத்தைச் சந்தையின் நிர்ப்பந்தத்திலிருந்து காப்பாற்றலாம் என்ற தெளிவான பொருளாதார முடிவாகவே நான் இதைப் பார்க்கிறேன். ஓவியர் ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியபடியே வரைந்ததும் இதே தேவையின் இன்னொரு வடிவம்தான். இன்றைய இளைஞர்கள் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கிறார்கள், சினிமாக் கலைத் துறைக்குப் போகிறார்கள், நூல்களுக்கு அட்டை வரைகிறார்கள். மிஞ்சிய நேரமே அவர்களின் சொந்தப் படைப்புக்கு.

சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973-இல் இளம் வயதிலேயே இறந்த கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மூலப் படைப்பு 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது அதில் கலைஞருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு உண்டு என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 1994-இன் திருத்தத்திலிருந்தே சொல்லிவருகிறது. அப்படிப் பங்கு பெற்ற ஓவியர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

காகிதத்தில் மையால் வரைந்த இத்தகைய படங்களைத் தொங்கவிடும் நாட்கள்தான் எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தவை. பெட்டி திறந்ததும் மூலை மடிப்பு, பழுப்புப் புள்ளி, பூஞ்சைத் தடம் என ஒவ்வொன்றையும் படமெடுத்து நிலை அறிக்கையில் குறிக்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்று காகிதத்தை அலையலையாக நெளியச் செய்துவிடும். படத்தின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளியை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பதால், அரங்கு இருட்டாக இருக்கிறதே என்று வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ராமானுஜத்தின் அரண்மனைகளும் இறக்கை முளைத்த உருவங்களும் நெருங்கி நின்று பார்க்கச் சொல்பவை. அவற்றைக் கொஞ்சம் தாழ்த்தினால்தான் கண் உள்ளே நுழையும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் படம் மாட்டும் பணியாளர் ஒருவர். நூல் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டே, இந்தப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி போதாது என்று அவர் சொன்னது முழுக்க முழுக்க ஒரு விமர்சகரின் தீர்ப்பு. அவரைப் போன்றவர்களின் பெயர் கேட்டலாக்கில் இடம்பெற வேண்டும் என்று அன்றிலிருந்து வற்புறுத்திவருகிறேன்.

கொச்சி-முசிறிஸ் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி 2012-இல் தொடங்கியபோதே, அதை அமைத்த போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் ஓவியர்களாக இருந்தார்கள். பின்னர் ஜிதிஷ் கல்லாட், சுதர்ஷன் ஷெட்டி, அனிதா துபே, ஷுபிகி ராவ் எனக் கலைஞர்களிடமே அப்பொறுப்பு தொடர்ந்து ஒப்படைக்கப்பட்டது. செய்பவரின் கை எங்கே வலிக்கும் என்று அறிந்தவர் அமைப்பாளராக இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

விமர்சகரின் நிலைமை இன்னும் மோசம். பணிக்கரின் காலத்தில் ஓவியர்களே ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழை நடத்தினார்கள். தமிழ்ச் சிற்றிதழ்கள் ஆதிமூலத்தின் கோடுகளோடு வந்தன. வெங்கட் சாமிநாதன் போன்ற விமர்சகர்கள் இலக்கியத்துக்கு இணையாக ஓவியத்தையும் விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாளிதழ்களில் கண்காட்சி விமர்சனத்துக்கு இடம் அரிதாகிவிட்டதால், எழுதுபவருக்குக் கிடைக்கும் ஓரளவு கௌரவமான ஊதியம் கேட்டலாக் கட்டுரையிலிருந்துதான் வருகிறது. விற்பவரே எழுத்துக்கும் பணம் தரும்போது விமர்சனம் அறிமுகவுரையாகச் சுருங்கிப்போவதில் வியப்பில்லை. அதனால் என் ஒப்பந்தங்களில் கட்டுரையாளரின் தொகையைத் தனியாகப் பிரித்து, கட்டுரையை ஒப்படைத்தவுடனேயே தர வேண்டும் என்றும், அச்சுக்கு முன் கேலரி தகவல் பிழைகளை மட்டுமே திருத்தலாம், கருத்தில் கைவைக்கக் கூடாது என்றும் எழுதிவிடுகிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களோடு நான் வேலை செய்வதில்லை. அதனால் ஆண்டில் சில மாதங்கள் மொழிபெயர்ப்பு செய்துதான் வீட்டு வாடகையைக் கட்டுகிறேன்.