குறையாத ஆயில்

ஜூன் 3

காலையில் காரின் என்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. போன மாதம் இதைவிடக் கீழே இருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

ஜூன் 4

ஆயில் குறைந்தால்தான் எல்லோரும் பதறுகிறார்கள். குறையவே இல்லை என்றால் நல்ல என்ஜின் என்கிறார்கள். எனக்கு உறுத்துவதே அந்தக் குறையாமைதான். எந்த என்ஜினும் கொஞ்சமாவது ஆயிலை எரிக்கும். எரித்த பிறகும் அளவு இறங்காமல் ஏறுகிறது என்றால் வேறு ஏதோ உள்ளே சேர்கிறது.

இது சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் என்ஜின். குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கூடுதலாகப் பெட்ரோல் விடும். அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். நீண்ட தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போகும். நம் வண்டி ஓடுவதெல்லாம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். கூலண்ட் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். அதைக் காட்ட இந்த வண்டியில் முள் கிடையாது.

ஜூன் 5

மேட்டில் வண்டி இழுக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் வந்த கோட் பி0299. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம்.

பிரேக் பெடலும் ஒரு தடவை கட்டையாக இறுகியது. அப்புறம் சரியாகிவிட்டது.

ஜூன் 6

ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். டர்போ போய்விட்டது, புதுசு மாட்ட வேண்டும்.

ஏன் போனது என்று கேட்டேன்.

"டர்போன்னா போகும் சார்."

பிரேக் பற்றிச் சொன்னேன். அது வேறு விஷயம், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 26ஆம் தேதிக்குள் வண்டி தயாராக வேண்டும்.

ஜூன் 7

தூக்கம் வரவில்லை. கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

999 சிசி. மூன்று சிலிண்டர். டர்போ இல்லாத 1.8 லிட்டர் சாதாரண என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் கொடுக்கும் இழுவையை இது 1,750 சுற்றிலேயே கொடுக்கிறது. மாயமெல்லாம் இல்லை. வெளியே போகும் புகையின் வேகத்தை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறார்கள். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும். அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது. புகை வரும் பக்கத்தில் 900 டிகிரிக்கு மேல் சூடு. பெரும்பாலான டர்போக்களில் தண்டைத் தாங்க பால் பேரிங் கூடக் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. அந்தப் படலம் ஒரு நொடி அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும்.

ஆகவே இப்படிப்பட்ட டர்போ தேய்ந்திருந்தால் முதலில் கேட்க வேண்டியது ஆயில் ஏன் போய்ச் சேரவில்லை என்பதைத்தான். அதற்குப் பதில் தெரியாமல் புதுசை மாட்டினால் அதுவும் போகும்.

ஜூன் 8

அப்பா கேட்டார், "வண்டி என்னாச்சு?" பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

ஜூன் 10

இன்று வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வயசானவர், நிதானமாகப் பேசுகிறார். டர்போவைத் தொடக்கூட இல்லை. முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தம்பி, இங்க வந்து பாருங்க."

உள்ளே ஒரு பெல்ட். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்தான். வெளியே காய்ந்து ஓடும் பெல்ட் இல்லை, ஆயிலில் நனைந்தபடியே ஓடுவது. உராய்வு குறையும், சத்தமும் குறையும் என்று வைத்தது. பெல்ட்டின் முதுகில் குறுக்கே மெல்லிய வெடிப்புகள். ஓரத்தில் நார் பிரிந்து நிற்கிறது. மெக்கானிக் அண்ணன் வெட்டு விட்ட ஒரு சின்னத் தகட்டை எடுத்து பெல்ட்டின் மேல் வைத்தார். நல்ல பெல்ட் என்றால் அந்த வெட்டுக்குள் அடங்கும். இது அடங்கவில்லை. ஊறிப்போய் அகலமாகிவிட்டது.

"ஆயில்ல பெட்ரோல் வாடை வருதா?" என்று அவராகவே கேட்டார். எனக்கு அழுகை வராத குறை. இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள்.

ஜூன் 11

பத்து வருடம் வரை பெல்ட்டை மாற்ற வேண்டாம் என்கிறது கையேடு. வண்டிக்கு இன்னும் அவ்வளவு வயசாகவில்லை.

ஜூன் 12

என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றினார்கள். கேஸ்கெட் கிடையாது, சிலிக்கான் பசையால் ஒட்டியது. மெல்லிய தகட்டை விட்டுச் சுற்றிலும் அறுத்துக்கொண்டே வந்தார்.

ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். பாதிக்கு மேல் கறுப்பாக அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ரப்பர் துணுக்குகள், நடுவே பிரிந்த நார். தேய்த்தால் விரலில் மை அப்பியது. பெல்ட் தன்னையே உதிர்த்து உதிர்த்து ஆயில் போகும் வாயை அடைத்திருக்கிறது.

அப்புறம் பிரேக். டர்போ என்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் நேரத்தில் பெடலை லேசாக மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று கேம்ஷாஃப்டோடு சுற்றும் தனி வாக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். அதற்கும் இதே ஆயில்தான். அதன் வாயிலும் இதே துணுக்குகள். அன்றைக்குப் பெடல் இறுகியது வேறு விஷயம் இல்லை. இதே விஷயம்தான்.

கடைசியாக டர்போ. தண்டின் நுனியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பக்கவாட்டில் லேசான அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற மாதிரி அசையக் கூடாது. இது கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு அசைகிறது. சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசிய தடமும் இருக்கிறது.

ஜூன் 13

சிவப்பு ஆயில் விளக்கு ஒரு நாளும் எரியவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். கழற்றுவதற்கு முன் அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தபோது, சூடான ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, 0.6 பார் காட்டியது. விளக்குக்கு அது போதும். டர்போவுக்குப் போதாது.

ஜூன் 14

பார்ட்ஸ் வரவில்லை.

ஜூன் 16

பார்ட்ஸ் இன்றும் வரவில்லை. பழைய டர்போ கார்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. விற்பனைக்கு வந்த முதல் டர்போ பெட்ரோல் கார்களில் ஒன்று. அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் தானாக வெடிக்காமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். பலர் அதை ஊற்றவில்லை. தொட்டி காலியானால் டர்போவின் பலம் கிடைக்காது. எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும், வண்டி வாங்குகிறவர் தினமும் எப்படி ஓட்டுவார் என்று கணக்குப் போடாமல் வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும். குறைந்த தூரமே ஓடும் வண்டிகள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன! ஆயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரில் மட்டும் பார்த்தால் அந்த வண்டிகளுக்கு என்ன பயன்?

ஜூன் 17

அப்பாவுக்கு இன்று கொஞ்சம் பரவாயில்லை.

ஜூன் 18

எந்த ஆயில் ஊற்றுவது என்று அண்ணனோடு அரை மணி நேரப் பேச்சு. கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் டர்போவுக்குப் பாதுகாப்பு என்று பக்கத்தில் நின்றவர் ஒருவர் சொன்னார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான். பெல்ட் ஆயிலிலேயே ஊறுவதால், அந்த ரப்பருக்கு ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளர் சான்று கொடுத்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கெட்டித்தன்மை மட்டும் பார்த்தால் போதாது.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) வகுத்த எஸ்பி என்ற தரம் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சின்ன டர்போ என்ஜினில் சுற்று குறைவாகவும் பாரம் அதிகமாகவும் இருக்கும்போது, பெட்ரோல் கலந்த ஆயில் துளி பிளக் பொறிக்கு முன்பே தீப்பிடித்துவிடும். பிஸ்டனே உடையலாம். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்து, அதைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தார்கள். 2020இல் வந்த எஸ்பி தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது. மேட்டில் உயர்ந்த கியரில் திணறவிட்டு அழுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். கியரைக் குறைத்தால் என்ஜினுக்கு வலிக்காது.

ஜூன் 20

பார்ட்ஸ் வந்தன. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், டர்போ, சல்லடையோடு குழாய். டர்போவுக்கு ஆயில் போகும் குழாய் மட்டும் வரவில்லை. பழையதையே கழுவிப் போடலாமா என்று கேட்டதற்கு அண்ணன் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். உள்ளே ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் முடிந்தது கதை.

26 நெருங்குகிறது.

ஜூன் 22

குழாய் வந்துவிட்டது. கிராங்க்குக்கும் கேமுக்கும் பூட்டு ஊசி செருகிவிட்டுத்தான் பெல்ட்டை ஏற்றினார். கிராங்க் போல்ட் புதுசு. டர்போவின் ஆயில் துளையில் எண்ணெய்க் கேனால் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றினார். பெட்ரோல் போகாமல் தடுத்துவிட்டு, அழுத்தம் ஏறும்வரை வெறும் செல்ஃப் அடித்தார். மீட்டரின் முள் எழும்பும்வரை யாரும் பேசவில்லை.

சூடான ஐட்லிங்கில் 1.5 பார். 2,000 சுற்றில் 2.6.

ஜூன் 23

ஓட்டிப் பார்த்தோம். அந்த மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. பிரேக் மென்மையாக இருக்கிறது. ஆனால் 2,000 சுற்றைத் தாண்டும்போது ஒரு மெல்லிய விசில் கேட்கிறது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கிளாம்ப் சரியாக உட்காராததாக இருக்கும் என்கிறார் அண்ணன். காலையில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். 1,000 கிலோமீட்டரில் இந்த ஆயிலை இறக்கிவிட வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.