ஆவாரையின் காது

காப்புக் கட்ட வாங்கிய கொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரை.

ஆவாரங் கொப்பில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இருபுறமும் குட்டிக் காது மாதிரி வட்டமாக ஒரு பச்சைச் செதில். இத்தனை பொங்கலில் ஒரு தடவைகூட இதைக் கவனித்ததில்லை.

1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்குக் காஸியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். ஆரிகுலேட்டா என்றால் 'காதுள்ளது'. நாமெல்லாம் மஞ்சள் பூவையே பார்த்துக்கொண்டிருக்க, பெயர் என்னவோ இந்தக் காதுக்குத்தான் போயிருக்கிறது.

அப்புறம் குடும்பத்தில் பாகப்பிரிவினை. காஸியா என்ற பேரினம் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று 1982இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள் அதைப் பிரித்தார்கள். சரக்கொன்றைப் பூவில் மூன்று மகரந்தக் காம்புகள் நீண்டு வளைந்து நிற்கும்; அதனால் அது காஸியாவிலேயே தங்கிவிட்டது. அந்த வளைவு இல்லாத ஆவாரை, சென்னா என்ற பேரினத்தின் பக்கம் போனது. நிலாவரையும் அங்கேதான் இருக்கிறது.

இன்று அது சென்னா ஆரிகுலேட்டா. வீட்டுப்பெயர் மாறியும் காது போகவில்லை.

சங்கப் பாட்டில் ஆவிரை. நம் வாயில் ஆவாரை, ஆவாரம்பூ. தோல் பதனிடுகிறவர்களுக்கு அது பட்டை. சீயக்காய் அரைக்கிறவர்களுக்குக் காய்ந்த பூ. இவற்றில் எதுவும் எந்தத் தாவரவியல் பேரவையிலும் முடிவானதில்லை.

"பூவப் பாக்காம தண்டையே பாத்துட்டு இருக்கறயே கண்ணு" என்றார் அமுச்சி.

காதைக் காட்டினேன்.

"அட, ஆமா" என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நிலைப்படியில் செருகப் போய்விட்டார்.