கொக்கிக்குள் ஒரு ஸ்டைலஸ்

பேருந்தில் பக்கத்து சீட் பையன் கைக்கடிகாரத்தை ஒரு தட்டு தட்டி, வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தூங்கிவிட்டான்.

எனக்கு ஃபாசில் நிறுவனத்தின் ரிஸ்ட் பிடிஏ ஞாபகம் வந்தது.

பிடிஏ எனப்பட்ட கையடக்கக் கணினிகளை இயக்கிய மென்பொருளான பாம் ஓஎஸ் ஓடிய கைக்கடிகாரம். 2002-ல் அமெரிக்காவில், காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில் காட்டினார்கள். கடைக்கு வந்தது 2005-ல்!

அதில் எனக்குப் பிடித்தது வாரின் கொக்கிதான். அதற்குள் ஒரு குட்டி ஸ்டைலஸ், அதாவது திரையில் எழுதும் குச்சி, ஒளிந்திருக்கும். உருவி எடுத்து, நுனியால் எழுத்து எழுத்தாகக் கிறுக்க வேண்டும். ஒரு கையில் கடிகாரம், மறு கையில் ஸ்டைலஸ். அப்புறம் பேருந்தில் கம்பியை எதால் பிடிப்பது?

எடையோ நூறு கிராமுக்கு மேல். பேட்டரியை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். கடிகாரம் கட்டியவனுக்கு அது பழக்கமே இல்லாத வேலை.

எல்லாவற்றையும் விட அந்தத் தாமதம்தான் அதைக் கவிழ்த்தது என்பது என் கணிப்பு. அதற்குள் ட்ரியோ 650 என்ற ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. அதே பாம் ஓஎஸ், கூடவே போனும். ரிஸ்ட் பிடிஏவில் வெளித்தொடர்புக்கு இருந்ததோ அகச்சிவப்பும் யுஎஸ்பியும் மட்டும். அழைப்பே வராது, எதைத் துண்டிப்பது?