ஆல்ட்விச்: லிஃப்ட் பழசானதால் மூடிய லண்டன் பாதாள நிலையம்

லண்டனில் ‘கைவிடப்பட்ட பாதாள ரயில் நிலையம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். சில டூர்களில் தெருவிலேயே நிறுத்தி, பூட்டிய கதவைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். கீழே இறங்க வேண்டுமென்றால் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் ‘ஹிட்டன் லண்டன்’ டூரைத்தான் எடுக்க வேண்டும். விலையைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த டூர்களில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஆல்ட்விச் நிலையத்தை எடுங்கள். டிக்கெட்டைத் தவணை தவணையாகத்தான் விடுகிறார்கள், சீக்கிரமே தீர்ந்தும் போகிறது. அதனால் முதலில் டூர் தேதி, அப்புறம் விமானம்.

ஏறவும் இறங்கவும் சுழல் படிக்கட்டுதான். செருப்பு, ஹீல்ஸ் போட்டுப் போனால் உள்ளே விடமாட்டார்கள். முட்டி வலிக்காரர்கள் இந்த டூரை விட்டுவிடுவதே நல்லது.

இந்த நிலையத்தின் கதையே லிஃப்ட்தான். 1907இல் திறந்தபோது பெருங்கூட்டம் வருமென்று லிஃப்ட்டுக்காக மூன்று குழிகள் தோண்டினார்கள். லிஃப்ட் பொருத்தியது ஒரே குழியில், அதுவும் இரண்டை அடுத்தடுத்து. ஒன்று நடுவழியில் நின்றால் மற்றதற்குத் தாவ, இரண்டுக்கும் பக்கவாட்டில் அவசரக் கதவு. மற்ற இரண்டு குழிகள் கடைசிவரை காலி. பக்கத்து ஹோபர்ன் நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிறுத்தம் வந்து முடிந்துவிடும் கிளைப்பாதைக்குக் கூட்டம் எங்கிருந்து வரும்? 1990களில் ஒரு நாளைக்குச் சுமார் 450 பேர்தான். லிஃப்ட்டை மாற்ற 30 லட்சம் பவுண்டு ஆகும் என்றதும் 1994 செப்டம்பர் 30இல் மூடிவிட்டார்கள்.

கிழக்குப் பிளாட்பாரத்தில் 1914லேயே ரயில் நின்றுபோனது. முதல் உலகப் போரில் நேஷனல் கேலரி ஓவியங்களும், இரண்டாம் போரில் பண்டைய கிரேக்கக் கோயிலான பார்த்தினானின் சிற்பங்கள் உள்ளிட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பொருள்களும் இந்த நிலையத்தின் சுரங்கத்துக்குள்தான் பத்திரமாக இருந்தன. குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் படுத்து உறங்கியதும் இங்கேதான். பிற்காலத்தில் வேறு நிலையங்களுக்கான ஓடுகளை ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கூடமாக இது மாறியது. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் பொருந்தாத ஓடுகள் இருப்பதற்குக் காரணம் அதுதான். அங்கே நிதானமாக நின்று பாருங்கள், மொத்த டூரிலும் அருமையான இடம் அது!

வெளியே வந்தால் மீதியெல்லாம் இலவசம். சர்ரே தெருப் பக்கத்திலிருந்து இறங்கும் சந்தில் ‘ரோமானியக் குளியல்’ என்று ஒரு தொட்டி உண்டு. ரோமானியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 17ஆம் நூற்றாண்டு நீர்த்தொட்டி என்கிறார்கள் ஆய்வாளர்கள். பூட்டியிருந்தால் வெளியே உள்ள விளக்குப் பொத்தானை அழுத்தி, ஜன்னல் வழியே பார்க்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். பக்கத்து ஸ்ட்ராண்ட் தெருவில் தோசை கிடைத்துவந்த இந்தியா கிளப் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. பெரிய நஷ்டம்!

அடுத்து சவுத்தாம்ப்டன் ரோ என்ற தெரு. 1952இல் நின்றுபோன கிங்ஸ்வே டிராம் சுரங்கத்தின் சரிவுப் பாதை நடுத்தெருவில் இருக்கிறது. கம்பி வேலிக்கு வெளியே நின்றாலே போதும், தண்டவாளங்களுக்கு நடுவில் ஓடும் பிளவு தெரியும். டிராமுக்கு மின்சாரம் வந்தது அதற்குள்ளிருந்துதான். பஸ்ஸில் போனால் ஒரு முறை கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பஸ்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் டாக்ஸி எடுப்பது வீண்செலவு.