தோமையார் நடந்த வழியில் ஒரு நாள்

சென்னையில் இயேசுவின் சீடர் தோமையாரின் இடங்களைப் பார்க்கக் கிளம்பிய நாள் அது. பரங்கிமலை மெட்ரோ வாசலில் ஆட்டோக்காரர் மலையடிவாரத்துக்கு 200 ரூபாய் கேட்டார். இரண்டு கிலோமீட்டர்கூட வராத தூரம்! பேரம் பேசியும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு என் மொத்த பட்ஜெட்டே 300 ரூபாய். கோபத்தில் நடந்தே போய்விட்டேன்.

காலையில் சின்னமலையில்தான் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். நேராக அவருடைய கல்லறை இருக்கும் சாந்தோம் பேராலயத்துக்குப் போய், வெள்ளைக் கோபுரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். தோமையார் ஒளிந்திருந்த குகை சின்னமலையில் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும். துரத்தி வந்தவர்களிடமிருந்து அங்குள்ள சின்னத் திறப்பு வழியாகப் பரங்கிமலைக்குத் தப்பினார் என்பது மரபு. பாறையில் அவருடைய கைத்தடம் என்று ஒரு பள்ளம். என் உள்ளங்கையை அதில் வைத்தேன். சில்லென்று இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

இயேசு உயிர்த்தெழுந்ததை உடனே நம்பாததால் அவரை 'சந்தேகத் தோமா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அது பொறுக்கவில்லை. கல்லெறியக் காத்திருந்தவர்கள் நடுவே யூதேயாவுக்கு இயேசு மறுபடி கிளம்பியபோது, மற்றச் சீடர்கள் தயங்க, 'நாமும் போவோம், அவரோடு சாவோம்' என்றவர் இவர். யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கி.பி. 52-இல் கேரளத்தின் கொடுங்கல்லூர்ப் பக்கம் கரையிறங்கி, 72-இல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

சரி, பரங்கிமலைக்கு வருவோம். படிகளைக் கட்டித் தந்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. உச்சியில் சின்னக் கோயில். பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த கருங்கல் சிலுவை, 1547-இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. மேலே ஒரு புறா, சுற்றிலும் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. அது தோமையார் தம் கையால் செதுக்கியது என்கிறது மரபு. எழுத்தோ பல நூற்றாண்டு பிந்தியது. இருக்கட்டும், பாரசீகக் கிறிஸ்தவர்கள் இந்த மலையைத் தேடி வந்திருக்கிறார்களே! வெளியே வந்தால் விமான நிலைய ஓடுபாதை முழுசும் தெரிகிறது.

சாந்தோமுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், நின்றுகொண்டே. இறங்கியதும் ஒரு மெஸ்ஸில் 110 ரூபாய்க்கு மீன் குழம்புச் சாப்பாடு. புளிப்பும் காரமும் அவ்வளவு கச்சிதம்! மூன்று முறை குழம்பு ஊற்றினார்கள், முகம் சுளிக்கவில்லை. ஆட்டோ காசு மிச்சமானது நல்லதாய்ப் போயிற்று.

தோமையாரின் கல்லறை பேராலயத்துக்குக் கீழே, தனிப் படிக்கட்டு வழியே. அவருடைய எலும்புகள் இன்றைய துருக்கியிலுள்ள எதேஸாவுக்குப் போய், அப்புறம் 1258-இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குப் போய்விட்டன. இங்கே இருப்பது எலும்பின் ஒரு சிறு துண்டும் ஓர் ஈட்டி முனையும். பக்கத்தில் ஒரு பாட்டி முழங்காலில் நின்று, 'ஐயா, ஐயா' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். மணி பார்த்தபோது ஐந்தரை.