கிரீன் பே: 363 யார்டுகளுக்கு மறுநாள் காலை

மில்வாக்கியிலிருந்து கிரீன் பேக்குச் செல்லும் 43-ஆம் எண் நெடுஞ்சாலை, மிச்சிகன் ஏரியை ஒட்டியும் விலகியுமாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வடக்கே போகிறது. 2022 நவம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் சென்றபோது, பெட்ரோல் நிலையங்களில் கண்ட ஆண்களும் பெண்களும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்திருந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் துப்பாக்கி மான் வேட்டைப் பருவத்துக்கு அன்றுதான் கடைசி நாள். காட்டுக்குள் ஒருவரையொருவர் மானென்று நினைத்துச் சுட்டுவிடாதிருக்க, அந்த நிறத்தையோ பளிச்சிடும் இளஞ்சிவப்பையோ அணிவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. அன்று இரவு அதே ஆரஞ்சுச் சட்டைகளை, பச்சையும் பொன்னிறமும் கலந்த அணிச் சட்டைகளுக்கு நடுவே ஒரு மதுக்கூடத்தில் மீண்டும் பார்த்தேன்.

சுமார் 1,07,000 பேர் வாழும் ஊர் கிரீன் பே. அதன் லாம்போ ஃபீல்டு அரங்கத்தில் 81,441 பேர் உட்காரலாம். அமெரிக்கக் கால்பந்தின் உச்ச அமைப்பான என்.எஃப்.எல்.-இல் இத்தனை சிறிய ஊருக்கு வேறெந்த அணியும் இல்லை. மற்ற அணிகள் செல்வந்தர்களின் கையில் இருக்க, 1919-இல் தொடங்கப்பட்ட கிரீன் பே பேக்கர்ஸ் அணி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பங்குதாரர்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. அந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது. அதை இலாபத்துக்கு விற்கவும் முடியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் உட்காரலாம், அவ்வளவுதான். இதையெல்லாம் முன்பே படித்திருந்தாலும், பங்குதாரர்கள் தங்கள் வீரர் ஒருவரை விசாரணைக் கூண்டில் ஏற்றுவதை நேரில் கேட்ட பிறகுதான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது.

அன்றிரவு ஆட்டம் பிலடெல்பியாவில் நடந்தது. நான் அரங்கத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தேன் என்பதால் அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. வெளியூர் ஆட்டத்தை உள்ளூர் மதுக்கூடத்தில் பார்ப்பதே இந்த ஊரை அறிய நல்ல வழி என்று விடுதி வரவேற்பாளர் சொல்லி அனுப்பினார். பொரித்த பாலாடைக்கட்டித் துண்டுகளும் பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சியும் மேசைகளை நிறைத்திருந்தன. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே கூடத்தின் ஆரவாரம் ஒருவகை முனகலாக மாறிவிட்டது. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியினர் பந்தை எறிவதற்கு அதிகம் மெனக்கெடாமல், கையில் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தி வழக்கமாகப் பந்தை எறிபவரான ஜேலன் ஹர்ட்ஸ் மட்டும் 157 யார்டு ஓடினார். மைல்ஸ் சாண்டர்ஸ் 143 யார்டு ஓடினார். அணி மொத்தமாக ஓடிச் சேர்த்தது 363 யார்டு, அதாவது 330 மீட்டருக்கும் மேல். பேக்கர்ஸ் 33 புள்ளிகள் எடுத்தும் 40-க்கு 33 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தில் அது அவர்களுக்கு எட்டாவது தோல்வி.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஓட்டத் தடுப்பைப் பற்றி ஒரு சொல். தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். அதன் முன்வரிசையில் ஐந்து பருத்த ஆட்கள் தோளோடு தோள் நிற்க, அவர்களுக்கு இடையிலும் இரு ஓரங்களிலும் இடைவெளிகள் இருக்கின்றன. பந்தோடு ஓடுபவர் அவற்றுள் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே தடுக்கும் அணி ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குகிறது. நம் சடுகுடுவில் சங்கிலியாய்க் கைகோத்து நிற்கும் பிடிகாரர்களில் ஒருவர் கை நழுவினால் பாடி வந்தவர் அந்த வழியே பாய்ந்து கோட்டைத் தொட்டுவிடுவதைப் போல, இங்கும் பத்துப் பேர் சரியாக நின்று ஒருவர் தவறினால் போதும், எதிராளி நாற்பது யார்டு ஓடிவிடுவார். தவறியவர் யார் என்பது பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாது. தோற்ற வீரருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதும் அங்கேதான்.

மறுநாள் காலை, அரங்கத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு சிற்றுண்டிக் கடையில் நீள மேசையொன்றில் எனக்கும் இடம் கிடைத்தது. ஊரில் நெடுங்காலமாக இயங்கிவரும் காகித ஆலைகளில் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், முந்தைய நாள் மான் கிடைக்காத ஓர் இளம்பெண், அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி அணியில் முன்வரிசை ஆட்களைப் பயிற்றுவிக்கும் நடுவயதுக்காரர் ஆகியோரோடு, வந்தும் போயும் கொண்டிருந்த வேறு சிலரும் பேச்சில் கலந்துகொண்டார்கள். பேச்சு முழுவதும் பேக்கர்ஸ் தற்காப்பு வீரர் ஒருவர் சொன்னதாக மேசையில் உலவிய காரணங்களைச் சுற்றியே நடந்தது. அவர் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: தன்னிடம் ஒப்படைத்த இடைவெளியைத் தான் காத்ததாகவும், நிற்க வைத்த முறையில்தான் ஆட்கள் போதவில்லை என்றும், எதிரணியின் குவார்ட்டர்பேக்கே ஓடும்போது கணக்கு எப்போதும் ஓர் ஆள் குறைவாகவே இருக்கும் என்றும்.

பெரியவர் இதை ஒரேயடியாகத் தள்ளினார். ஆட்ட முறையைக் குறை சொல்பவர்களை அவர் நிறையப் பார்த்துவிட்டாராம். வாஷிங்டன் அணிக்கு 2009-இல் ஏழாண்டு ஒப்பந்தத்தில் வந்த ஆல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த்தை எடுத்துக்காட்டினார். அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு பத்துக் கோடி டாலர் வரை என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டு மைக் ஷனகன் பயிற்சியாளராக வந்து முன்வரிசையில் மூவரை நிறுத்தும் முறைக்கு மாறியபோது, நடுவே நின்று இருவரின் இடியைத் தாங்கும் வேலை தனக்கு ஒத்துவராது என்று ஹெய்ன்ஸ்வொர்த் முரண்டு பிடித்தார். பயிற்சி முகாமின் உடல்தகுதி ஓட்டத்திலும் தேறவில்லை. பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களுக்கு அணியே அவரை இடைநீக்கம் செய்தது. இதற்கு நேரெதிராகப் பெரியவர் நிறுத்தியவர் கில்பர்ட் பிரவுன். 1996 பருவத்தில் பட்டம் வென்ற பேக்கர்ஸ் அணியில் நடுவில் நின்ற, 150 கிலோவைத் தாண்டிய மனிதர். இரண்டு பேரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஓடுபவரைப் பிடிக்க வழிவிடுவதே அவர் வேலை. பிடித்தவர் பெயர்தான் ஏட்டில் ஏறும். ஆனாலும் இந்த ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஒரு பர்கர் கடை அவர் பெயரிலேயே பர்கர் விற்றதாம். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் பெரியவரின் கோபம் சற்றுத் தணிந்தது.

இளம்பெண் விடவில்லை. தாத்தா விட்டுச் சென்ற பங்குப் பத்திரம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன் என்று முன்னுரை சொல்லிக்கொண்டே, தற்காப்புப் பயிற்சியாளர் ஜோ பாரியின் முறையை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்தார். நீண்ட எறிதல்களுக்கு அஞ்சி இரண்டு பேரைப் பின்னால் ஆழத்தில் நிறுத்துவதும், அதனால் முன்புறத்தில் ஆறு பேரே மிஞ்சுவதும் அந்த முறையின் இயல்பு. ஓடி நான்கு யார்டு எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும், ஒரே எறிதலில் நாற்பது யார்டு போய்விடக் கூடாது என்பதே அதன் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர் வீரர் அல்லவே என்றார் அவர். உள்ளதைச் சொன்ன ஆளைச் சாக்கு சொல்கிறான் என்று ஏசுவது, ஆட்டத்தை அறியாதவர்களின் வழக்கம் என்றும் சேர்த்துக்கொண்டார். பெரியவர் காப்பிக் கோப்பையைச் சற்று ஓசையோடு கீழே வைத்தார்.

பள்ளிப் பயிற்சியாளர் அதுவரை அதிகம் பேசவில்லை. இப்போது ஒரு கைக்குட்டைத் தாளை விரித்துப் பேனாவால் வட்டங்கள் போட்டார். குவார்ட்டர்பேக்கும் ஓட்டக்காரரும் அருகருகே நிற்கிறார்கள். தற்காப்பின் ஓரத்தில் நிற்கும் ஒருவரை மட்டும் எதிரணி வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுகிறது. அவர் ஓட்டக்காரரை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவர் விட்டுவந்த இடத்தின் வழியே ஓடுவார். பாயாமல் நின்றால் பந்து ஓட்டக்காரருக்குப் போகும். ஹர்ட்ஸ் இதில் கைதேர்ந்தவர். ஓரத்து ஆள் எதைத் தேர்ந்தாலும், தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு அவர் தவறு செய்ததாகவே தெரியும். குவார்ட்டர்பேக் ஓடும்போது ஓர் ஆள் குறைகிறது என்று அந்த வீரர் சொன்னது ஆகவே கணக்கின்படி சரி. இதைச் சொன்ன பயிற்சியாளர், இளம்பெண் வெற்றிச் சிரிப்புச் சிரிக்குமுன், தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். நான்கு யார்டு கொடுக்கலாம் என்பது முறை. நான்காவது யார்டில் ஓடுபவரைத் தரையில் சாய்ப்பது வீரரின் கடமை. முந்தைய இரவு எத்தனையோ முறை நான்காவது யார்டில் ஆள் இருந்தார், தோளைக் கொடுக்காமல் கையை மட்டும் நீட்டினார், ஓடுபவர் உதறிவிட்டுப் போனார். அதற்கு எந்தப் பயிற்சியாளரின் கணக்கும் பொறுப்பில்லை என்று முடித்தார்.

எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது. எங்கே நிற்பது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். கையில் அகப்பட்டவரைப் பிடிப்பது பிடிப்பவருடையது. அந்த வீரர் இவற்றுள் முதலாவதைப் பற்றி உண்மையைச் சொல்லி, இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முழுப் பொய்யைவிட இப்படிப் பாதியில் நிறுத்திய உண்மைதான் அந்த மேசையை அதிகம் எரிச்சலூட்டியது என்று நினைக்கிறேன்.

பிற்பகலில் லாம்போ ஃபீல்டின் உள்ளே சுற்றிப் பார்த்தபோது, பெரியவரின் சீற்றத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. 1957-இல் திறக்கப்பட்டபோது இதன் பெயர் சிட்டி ஸ்டேடியம். அணியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கர்லி லாம்போவின் பெயர் 1965-இல் சூட்டப்பட்டது. வெளியே அவருக்கும் வின்ஸ் லம்பார்டிக்கும் சிலைகள் நிற்கின்றன. 1959 முதல் 1967 வரை லம்பார்டி பயிற்றுவித்த அணியின் பெருமை ஓடுவதில்தான் இருந்தது. முன்வரிசையில் நடு ஆளின் இருபுறமும் நிற்கும் ‘கார்டு’ எனப்படும் இருவரும் பின்வாங்கி ஓரமாகச் சுழன்று ஓடி வழி திறக்க, பால் ஹார்னங்கோ ஜிம் டெய்லரோ பின்னே பாயும் அந்த உத்தியை, எதிரணிகள் வருமென்று தெரிந்திருந்தும் நிறுத்த முடியவில்லை. பிறரை மிதித்து ஓடியே பேரெடுத்த ஊர் இது. தன்னை இன்னோர் அணி மிதித்து ஓடுவதை எறிதலில் தோற்பது போல எடுத்துக்கொள்ளாது.

வழிகாட்டி எங்களை மைதானத்தின் தெற்கு முனையை நோக்கி நிறுத்தி, 1967 டிசம்பர் 31 அன்று நடந்த ஆட்டத்தைச் சொன்னார். அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். அந்த ஆண்டுதான் புல்தரைக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கம்பிகள் பயனற்றுப்போக, தரை பனிக்கட்டியாக இறுகியது. டல்லாஸ் அணியிடம் மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்க, குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு நுழைந்து 21-க்கு 17 என்று வென்று கொடுத்தார். எதிரே நின்ற ஜெத்ரோ பியூவைத் தள்ளி வழி திறந்தவர் என்று ஜெரி கிரேமருக்கு அழியாப் புகழ் கிடைத்தது. ஆனால் படத்தை உற்றுப் பார்த்தால் கென் பௌமனும் அதே பியூவின் மேல் தோள் கொடுத்திருப்பது தெரியும். பழியைப் பிரிப்பது போலவே புகழைப் பிரிப்பதும் இந்த ஆட்டத்தில் கடினம். புகழ் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தபோது மட்டும் ஊர் அதைப் பெரிதாக விசாரிக்கவில்லை.

அங்கிருந்த முதியவர் ஒருவர், காலுக்குப் பிடிமானம் இல்லை என்று டல்லாஸ்காரர்கள் சொல்லியிருக்கலாமே என்று கேட்ட பேரனுக்கு, இரண்டு அணிகளும் ஒரே பனியில்தானே நின்றன என்று பதில் சொன்னார். காலை மேசையில் இருந்த பெரியவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த மேசை அடுத்த ஆட்டத்தைப் பற்றியும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு சிக்காகோ பேர்ஸ் அணியோடு ஆட்டம்; அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் அந்த நவம்பரில்தான் ஒரே ஆட்டத்தில் 178 யார்டு ஓடி, வழக்கமான பருவ ஆட்டங்களில் குவார்ட்டர்பேக்குகளுக்கான சாதனையை முறியடித்திருந்தார். டிசம்பர் 4 அன்று அந்த ஆட்டத்தை என் இருப்பிடத்திலிருந்து பார்த்தேன். ஃபீல்ட்ஸ் ஒரே ஓட்டத்தில் 55 யார்டு கடந்து கோட்டைத் தொட்டார். ஆனாலும் பேக்கர்ஸ் 28-க்கு 19 என்று வென்று, என்.எஃப்.எல். வரலாற்றில் அதிக வெற்றிகள் பெற்ற அணி என்ற இடத்தைச் சிக்காகோவிடமிருந்தே பறித்துக்கொண்டார்கள். அந்த 55 யார்டில் யார் தன் இடைவெளியை விட்டார் என்று அன்றிரவு எவரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. ஜோ பாரி அதற்கு அடுத்த பருவமும் பொறுப்பில் நீடித்தார். 2024 தொடக்கத்தில்தான் அணி அவரை மாற்றியது.